தப்பு விடைக்கு ஒரு ஸ்லைடு

முதுநகர் நடுநிலைப் பள்ளி, கணினி அறை.
பதினொரு லேப்டாப்பில்
ஏழுக்கு உயிர் இருக்கிறது.
சனிக்கிழமை, மணி அடிக்காது.
துறைமுகப் பக்கமிருந்து
ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும்.

விளையாட்டு செய்யச் சொல்லித்தர வந்தவள் நான்.
கையில் இருந்தது ஒரே கேள்வி:
பிள்ளை தப்பாகத் தொட்டால்
திரையில் என்ன நடக்கணும்?

"மீண்டும் முயற்சி செய், அவ்வளவுதான்"
என்றார் அமலோற்பவம் டீச்சர்.
மெகருன்னிசா, அழுகிற மஞ்சள் முகம் ஒன்றைத்
தேடியெடுத்து ஒட்டினார்.
கலியபெருமாள் சார் வாயே திறக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷம் சிவப்பு மையில்
பெருக்கல் குறி போட்ட கை
மௌஸைப் பிடித்து
ஒரு படகைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

பாடம்: முழுக்கள்.
கடல் மட்டம் பூஜ்ஜியம்,
கீழே மைனஸ், மேலே பிளஸ்.
பத்து ஸ்லைடு, நாற்பது லிங்க்.
தப்பென்றால் படகு மூழ்கும், ஹாரன் அலறும்.
டிபன் பாக்ஸைத் திறக்காமலே செய்திருந்தார்.

மூன்று மணிக்கு ஆறு பிள்ளைகளை வரவழைத்தோம்.
சரியான விடைக்கு
மூன்று நட்சத்திரம், ஒரு கைதட்டல்.
தப்பான விடைக்கோ
நுரை, சுழி, தலைகீழாய் ஒரு படகு!
எந்தப் பிள்ளை நட்சத்திரம் கேட்கும்?
முறைவைத்து மூழ்கடித்தார்கள்.
"இன்னொரு தபா, இன்னொரு தபா."
விடை தெரிந்தே தப்பைத் தொடும் விரல்கள்.
சார் என்னைப் பார்த்தார்.
நான் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன்.

ஒருத்தி மட்டும் தொடவில்லை.
அக்கரைகோரியிலிருந்து வரும் யோகஸ்ரீ.
கையைக் கட்டிக்கொண்டு
குற்றப்பத்திரிகை வாசித்தாள்:

"படகுல நம்பர் இல்ல சார்.
சங்கராவ மேல மெதக்க வுட்டிருக்கீங்க,
அது அடியில கெடக்குற மீனு.
மைனஸ் எட்டுன்னா
எட்டு பாகமா, எட்டு மீட்டரா?
பிளஸ்ல ஏன் ஒரு காக்கா மட்டும் நிக்குது?"

"தண்ணிக்கு மேல வேற என்னம்மா இருக்கு?"

"கோலா.
மைனஸ் ரெண்டுல இருக்கும். எம்பும்.
பிளஸ் ஒண்ணுல பறக்கும்."

"மூணு" என்றான்
யாரும் கேட்காமலே,
அதுவரை நான்கு படகை மூழ்கடித்த பையன்.

வருஷா வருஷம் கரும்பலகையில்
பூஜ்ஜியத்தின் வாசலில் தடுக்கி விழுவார்களே,
அந்த இடத்தை
ஒரு மீன் சும்மா தாண்டிப் போனது.
சார் சாக்பீஸ் தேடினார்,
பிறகு சிரித்தார்.

படகை அழித்தோம். ஹாரனை அழித்தோம்.
அழுகிற முகத்தை மெகருன்னிசாவே அழித்தார்.
"அப்ப தப்புன்னா என்னதான் செய்யறது?"
அவர் என்னைத்தான் கேட்டார்.
என்னிடம் கேள்வி மட்டும்தான் இருந்தது என்று
சொன்னேனே.

"தப்பா எம்புனா தப்பான எடத்துல வுழும்" என்றாள்.
"வுழுந்த எடத்துலேர்ந்து
திரும்ப எம்பணும், வேற என்ன?"

"அப்படின்னா ஒவ்வொரு தப்புக்கும்
ஒரு ஸ்லைடு வேணுமே!"
விரல்விட்டு எண்ணினார்.
முப்பத்தாறு.
அமலோற்பவம் டீச்சர் கைப்பையிலிருந்து
மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து
நடுவில் வைத்தார்.

மஞ்சக்குப்பம் பஸ் இரண்டு போய்விட்டது.
பிள்ளைகள் போன பிறகும்
நான்கு திரைகளில் கடல்.
பென்டிரைவில் ஏறிய கோப்பின் பெயர்
முழுக்கள் கடைசி;
அதற்குக் கீழே,
முழுக்கள் உண்மையான கடைசி.

பஸ்ஸில் வரும்போது
போனில் விளையாடிப் பார்த்தேன்.
வேண்டுமென்றே தப்பாகத் தொட்டேன்.
கோலா எம்பாமல்
மைனஸ் எட்டுக்கு இறங்கியது.

அங்கே இருட்டில்,
அதன் சரியான ஆழத்தில்,
சார் வரைந்து வைத்திருந்த சங்கரா
அசையாமல் கிடந்தது.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: பாகம்.